டோக்கனில் இருந்த பெயர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் ஒரு ஆள் செத்துப்போயிருப்பான். அதனால் அந்தக் கோபத்துக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

1978 ஆகஸ்ட். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் ஆஸ்பத்திரி என்றால் நான்கு அறை, வெளியே ஒரு வேப்பமரம். அங்கேதான் டாக்டர் ரகுபதி ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ், ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். நான் அதற்கு நர்ஸ். ஒரகடம் சாலையில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. மாதம் பத்துப் பேருக்காவது கையோ காலோ கிழியும். அப்படி வந்தால் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைப் போடுவோம். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஜூனில் ஒருவர் ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் என் கண்முன்னால் மூச்சடைத்து விழுந்தார். அவர் பிழைத்தது தேவ கிருபை. முன்கூட்டியே மூன்று தடுப்பூசி போட்டுக்கொண்டவனுக்குக் காயம் பட்டால் சீரம் வேண்டாம், இன்னொரு தடுப்பூசியே போதும் என்று நிரூபிப்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. இருநூறு தொழிலாளர்களுக்கு ஊசி போட்டதும் நான், பதிவேடு எழுதியதும் நான்.

அன்றைக்கு எட்டு நாள் முன்னால், காலில் தகடு வெட்டி ஒருவன் வந்தான். நீட்டிய தொழிற்சாலை டோக்கனில் நாகப்பன் என்று இருந்தது. பதிவேட்டில் நாகப்பனுக்கு மூன்று ஊசியும் முடிந்திருந்தது. காயத்துக்குள் கிரீஸ் பிடித்த பஞ்சை அடைத்துக்கொண்டு வந்திருந்தான். அங்கே எல்லோரும் அப்படித்தான், ரத்தம் நிற்குமாம். திட்டிக்கொண்டே கழுவிக் கட்டினேன். தடுப்பூசி ஒன்று போட்டேன். சீரம் போடவில்லை.

இப்போது அவன் மனைவியோடு திரும்பி வந்திருந்தான், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

“நாகப்பன்!” என்று கூப்பிட்டேன். அவன் தலையைத் தூக்கவே இல்லை. மனைவி முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்தான்.

“தாடை வலிக்குது சிஸ்டர். வாயத் தொறக்க முடியல. கழுத்தும் புடிச்சிக்கினு கீது.”

என் இரண்டு விரல்கூட அவன் வாய்க்குள் நுழையவில்லை. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “கடவாய்ப்பல் சொத்தை. அந்த வீக்கம்தான். மாத்திரை குடுத்து பல் டாக்டர்கிட்ட அனுப்புங்க.”

“ரண ஜன்னியா இருந்தா சார்?”

“மூணு டோஸ் போட்டவனுக்கா? ஜூன்ல பார்த்தீங்க இல்ல? தேவையில்லாம சீரம் போட்டு இவனையும் சாகடிக்கணுமா? நீங்க எழுதின ரிஜிஸ்டர்தானே சிஸ்டர் இது?”

சுருக்கென்றது. ஆமாம், நான் எழுதியதுதான். ஆனால் அதில் முகம் இல்லையே, பெயர்தானே இருக்கிறது! அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாள் வராவிட்டாலும் கான்ட்ராக்டர் பெயரை அடித்துவிடுவான். அதனால் ஒருத்தனுக்கு முடியாவிட்டால் அவன் டோக்கனில் அண்ணனோ மச்சானோ போய் ஷிப்டு பார்ப்பான். தலைக்கணக்குச் சரியாக இருந்தால் சூப்பர்வைசர் கண்டுகொள்ள மாட்டார். இது எனக்குத் தெரியும். தெரிந்துமா டோக்கனைப் பார்த்து எழுதினாய் அன்னபுஷ்பம் என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

“உன் பேரு இன்னாப்பா?”

“நாகப்பன்.” பல்லைக் கடித்தபடியே சொன்னான். பார்வை தரையில்.

மனைவி பக்கம் திரும்பினேன். வடக்குப்பட்டு கிளியம்மாள். “உன் வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்ய, புருசன் பேர எப்டி சிஸ்டர் சொல்றது?”

“சரி, நாகப்பன் உனக்கு யாரு? அத சொல்லு.”

அவள் முகம் வெளுத்தது. அவன் “வாடி போலாம்” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். மாத்திரைப் பொட்டலத்தோடு இருவரும் வாசற்படி இறங்கினார்கள். அதோடுதான் என் பொறுமை போயிற்று. ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

“கேளுடி! இது பல்லுவலி இல்ல. இன்னிக்கி தாடை. நாளிக்கி முதுகு வில்லா வளையும், அப்பால மூச்சு நின்னுபூடும். மூணு ஊசி போட்டவன்னா எனக்குப் பயமில்ல, கூட்டிக்கினு போ. முன்ன ஊசியே போடாத ஆளா இருந்தா இப்பவே மருந்து ஏத்தணும். இவன் யாரு?”

“எங்க அண்ணனுக்கு வேலை பூடும் சிஸ்டர்…”

“வேலை இன்னொண்ணு கெடைக்கும். புருசன் கெடைப்பானா?”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைக்க முயன்றான், கழுத்து திரும்பவில்லை. அதை அவளும் பார்த்தாள்.

“சுப்பன்!” என்று கத்தினாள். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். “இது எங்க அண்ணன் இல்ல, சுப்பன்! என் புருசன் சுப்பன்! முன்ன ஒரு ஊசியும் போட்டுக்கல, அதுக்கு மருந்து குடுங்க!” என்று படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் சீரம் பெட்டியைத் திறந்தார். முதலில் தோலுக்கடியில் ஒரு சொட்டு போட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று காத்திருக்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தில் நான் எத்தனை ஜெபம் சொன்னேனோ! வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. உடனே சுப்பனின் உடம்பு கட்டிலைவிட்டு எழும்பி விறைத்தது. தோலில் தடிப்பு இல்லை. மிச்ச மருந்தை ஏற்றினோம். ரண ஜன்னிக்காரனுக்குச் சத்தம் பட்டாலும் வெளிச்சம் பட்டாலும் வலிப்பு வரும் என்பதால், காரின் ஜன்னல்களைப் போர்வையால் மூடி, டாக்டரே மெட்ராசுக்கு ஓட்டிப்போனார்.

“செத்திருந்தா நாகப்பன்னுதான் எழுதியிருப்பேன்” என்றார் திரும்பி வந்ததும். “மூணு ஊசியும் வேலை செய்யலன்னு ஊருக்கே சொல்லியிருப்பேன்.” மறுநாள் தொழிற்சாலைக்குப் போய் இருநூறு பேரையும் முகம் பார்த்து, கையிலிருந்த மச்சத்தையும் தழும்பையும் குறித்து, முதலிலிருந்து எழுதினோம்.

சுப்பன் இருபத்துநான்கு நாள் இருட்டறையில் கிடந்து பிழைத்தான். நாகப்பனுக்கு வேலை போயிற்று. தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

ரண ஜன்னி வந்து பிழைத்தவனுக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும். அதற்காக அக்டோபரில் இருவரும் வந்தார்கள். அவன் வேப்பமரத்தடியில் நின்றான். நான் புதுப் பக்கம் திருப்பினேன்.

“பேரு சொல்லும்மா.”

முந்தானை வாய்க்குப் போனது. “இன்னா சிஸ்டர் நீ! புருசன் பேர யாராச்சும் சொல்லுவாங்களா?”

“அடிப்பாவி! அன்னிக்கி தெருவே கேக்குறாப்ல கத்துனியே?”

“அன்னிக்கி அது போய்க்கினு இருந்திச்சி” என்றாள். “இன்னிக்கிதான் கண்ணெதிர நிக்கிதே, நீயே கூப்ட்டு கேளு.”

நான் வெளியே பார்த்து “சுப்பன்!” என்றேன். அவன் உடனே திரும்பினான்.