எலிகளுக்குக் கேட்ட மருந்து

மருந்து ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுவது தங்கையின் வேலை. அண்ணன் பேருந்து ஓட்டுநர். மாத்திரைக்கு மசியாத சர்க்கரை அவனுக்கு. இனி இன்சுலின்தான் என்று டாக்டர் சொன்னதும் பேயறைந்தவன்போல வீடு வந்தான்.

"ஊசி போடுறேன்னு தெரிஞ்சா வண்டியிலேருந்து இறக்கிடுவாங்கடி. ஸ்டியரிங்கைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

அவள்தான் வாயை விட்டாள். ஏதோ ஒரு செடியின் இலையைக் காயவைத்து, அரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாறு. அதைக் கொடுத்ததில் எலிகளுக்குச் சர்க்கரை பாதியாகக் குறைந்திருக்கிறது என்றாள். அன்றிலிருந்து அவன் விடவில்லை.

"எலிக்குக் கேக்குற மருந்து எனக்குக் கேக்காதா?"

"நீ என்ன எலியாண்ணா?"

"உன் அண்ணியைக் கண்டா பொந்து தேடுறவன் வேற யாராம்?"

சிரித்தாள்; சிரிக்கும்போதே கண் கலங்கியது. மறுநாள் முதல் தினமும் ஒரு சின்னப் புட்டி அவள் கைப்பையில் வீட்டுக்கு வந்தது.

பத்தே நாளில் சர்க்கரை இறங்கியது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் ஆராய்ச்சியாளர் அம்மா எலிகளை அறுத்துப் பார்த்தார். ஈரல்கள் வெளிறி வீங்கியிருந்தன.

"சர்க்கரை இறங்கினது நிஜம். ஆனா ஈரல் போச்சே. மனுஷங்க பக்கமே கொண்டுபோக முடியாது."

இரண்டு நாளாக அண்ணனுக்குச் சாப்பாடு பிடிக்காதது அவளுக்கு உறைத்தது.

"மேடம், எங்க அண்ணன் அதைக் குடிக்கிறார்."

அந்த அம்மா திட்டவில்லை. எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி நீட்டினார். "ஆஸ்பத்திரில இதைக் காட்டு. ஓடு!"

போனை அவன் எடுக்கவில்லை. அவன் வரும் நிறுத்தத்துக்கு ஓடினாள். வண்டி வந்து நின்றதும் ஓட்டுநர் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவன் கண்கள் மஞ்சளாக இருந்தன.

"இறங்குண்ணா."

"நடுவழியிலயா? பைத்தியமா உனக்கு?"

"நான் கொடுத்தது விஷம்ணா. இறங்கு!"

உள்ளே பயணிகள் கத்தினார்கள். அவன் இஞ்சினை அணைத்தான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கத்தான் வெகுநேரம் ஆயிற்று.

மூன்று வாரம் படுக்கையில் கிடந்தான். ஈரல் தேறியது, வண்டி போயிற்று. அவளுக்கும் வேலை போயிற்று. முதல் ஊசியை வயிற்றில் குத்திக்கொண்டவன் அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அந்தம்மா வேற ஏதாவது செடி பார்க்குறாங்களா?"