பின் கேட்டுப் புல்

உதயகுமாருக்கு நல்ல மனசு. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நல்ல மனசை வைத்துக்கொண்டு பாதி தூரம் மட்டுமே யோசிக்கிறவனால் என்ன ஆகும் என்று கேட்டால், சாமுண்டீஸ்வரி வீட்டு வாசலில் காலியாகக் கிடக்கும் மாடு கட்டும் முளைக்குச்சியைத்தான் காட்ட வேண்டும்.

கொரட்டூரில் ஏரிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. உள்ளே பூங்கா, நடைபாதை, நடுவில் அழகாகப் புல்வெளி. உதயகுமார் அங்கே தோட்ட வேலை. வியாழக்கிழமை தோறும் மெஷினை உருட்டிப் புல் வெட்டுவான். வெட்டியதைப் பின் கேட்டருகே குவித்து வைப்பான். சாமுண்டீஸ்வரி கோணியோடு வந்து அள்ளிக்கொண்டு போவாள்.

இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. தானாக வந்தது, தானாக நடந்தது. குடியிருப்புக்காரர்களுக்குக் குப்பை அள்ளும் செலவு மிச்சம். உதயகுமாருக்கு அள்ளிப் போடுகிற வேலை மிச்சம். சாமுண்டீஸ்வரியின் செவலைப் பசுவுக்கும் அது ஈன்ற கிடேரிக்கும் வயிறு நிறையும். புருஷன் போன பிறகு அவளுக்கு வாய்த்த சம்பாத்தியம் அந்தப் பசு ஒன்றுதான். தெருவில் ஏழெட்டு வீடுகளுக்குப் பால் ஊற்றித்தான் மகள் ஜோதிகாவைப் படிக்க வைக்கிறாள். பசு கன்று போட்டால் சீம்பால் காய்ச்சி, முதல் டப்பா உதயகுமாருக்குத்தான் வரும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில் புழு வந்து விழுந்தது. நிஜமாகவே புழு. புல்வெளியில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் புல் காய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் வெள்ளைப் புழு. வருகிற ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் ஆண்டு விழா, அந்தப் புல்வெளியில்தான் பந்தல். பராமரிப்பு கான்ட்ராக்டில் சூப்பர்வைசராக இருந்த வெற்றிச்செல்வன் செவ்வாய்க்கிழமை காலையில் குருணை மருந்துப் பையைக் கொண்டுவந்து இறக்கினான்.

"மழ வர்ற மாதிரி கீதே சார்," என்றான் உதயகுமார். "மழைக்கு முன்னாடி போடக்கூடாதுன்னு பை மேலயே போட்டுக்கீது."

"மழ வந்தா நல்லதுப்பா. மருந்து உள்ள எறங்கும். தூவிட்டுப் போ."

சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், சரி. கையுறை மாட்டிக்கொண்டு தூவினான். நடைபாதையிலும் கொஞ்சம் சிதறியது. சாயங்காலம் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுமே என்று அவனுக்குப் பதைப்பு. கூட்டி அள்ளித் திரும்பப் புல்லில் போட்டிருக்கலாம். அதற்குப் பொறுமை யாருக்கு இருக்கிறது? பைப்பைத் திறந்து பீய்ச்சியடித்துக் கழுவிவிட்டான். தண்ணீர் ஓரமாக ஓடி, மழைநீர்க் கால்வாயின் இரும்பு ஜல்லடைக்குள் இறங்கியது. பாதை பளிச்சென்று ஆனது.

அடுத்து அவனுக்குச் சாமுண்டீஸ்வரியின் நினைப்பு வந்தது. அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனான்.

"அக்கா, இந்த வாரம் புல்லுக்கு வராத. மருந்து போட்டுக்குது. மாட்டுக்கு ஆவாது."

"தோ பாரு, எவ்ளோ அக்கறையா வந்து சொல்ற," என்றாள் அவள். "ஊட்டாண்ட வந்துட்டு டீ குடிக்காம போவாத."

குடித்துவிட்டு நிம்மதியாக வந்தான்.

வியாழக்கிழமை புல் வெட்டினான். குவியலில் குருணை அங்கங்கே வெள்ளையாகத் தெரிந்தது. இதைப் பின் கேட்டில் போட்டால் அக்கா மறந்துபோய் அள்ளிவிட்டால்? தெருமாடு எதுவும் வந்து மேய்ந்துவிட்டால்? மூட்டை கட்டி வைத்து, கான்ட்ராக்டரிடம் சொல்லி வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்கு வெற்றிச்செல்வனிடம் போய் நின்று பேச்சு வாங்க வேண்டும். மேலே வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ஜல்லடையைத் தூக்கி, குவியல் முழுவதையும் கால்வாய்க்குள் தள்ளினான். மழை வந்தால் அடித்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடும், அவ்வளவு பெரிய ஏரிக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தான். புல் ஒரு இணுக்குகூட வெளியே இல்லாதபடி கூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். பாவி, அதில்கூட ஒரு குறை வைக்கவில்லை.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் மத்தியானம் பசு செத்துப்போனது.

சனிக்கிழமை மதியம் வேலைக்கு நடுவே சேதி கேள்விப்பட்டு ஓடினான். சாமுண்டீஸ்வரி வீட்டில் இல்லை. ஏரிக்கரையோரம் கிடேரியை மேய்த்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னாக்கா ஆச்சு?"

"நேத்து காலைல நல்லாத்தான் மேஞ்சிகினு இருந்துச்சு உதயா. ஊட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்துல வாயில நுரை தள்ளுது. ஒடம்பு வெடவெடன்னு ஆடுது. டாக்டரு வர்றதுக்குள்ள கால நீட்டிருச்சு. எதோ வெசம் உள்ள போயிருக்குன்றாரு. பக்கத்து ஊட்ல பூச்சிதான் கடிச்சிருக்கும்னு சொல்றாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேள, நீ புல்லு வேணாம்னு முன்னாடியே சொன்ன. குடுத்திருந்தா உம்மேலதான் பழி வந்திருக்கும்."

 அவள் நின்ற இடத்தை அப்போதுதான் பார்த்தான். கால்வாய் வேலை பாதியில் நின்றுபோன இடம் அது. குடியிருப்பிலிருந்து வரும் குழாய் ஏரியைத் தொடவே இல்லை. கரைக்கு இந்தப் பக்கமே ஒரு பள்ளத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. பள்ளம் நிறையத் தண்ணீர். தண்ணீர் மேல் நறுக்கிய புல் மெத்தையாக மிதந்தது. அதை வெட்டியவனுக்கா அடையாளம் தெரியாது?

"இங்கயாக்கா மேய்ச்ச?"

"வேற எங்க போவேன்? நீதான் புல்லு இல்லன்னுட்டியே. இங்கதான் பச்சையா கீது. நேத்து கிடேரிய ஊட்லயே உட்டுட்டுப் பசுவ மட்டும் ஓட்டியாந்தேன். மேஞ்சிட்டு வயிறு முட்ட தண்ணி குடிச்சுது. அதான் கடைசியா குடிச்ச தண்ணி."

பேச்சைக் கேட்டதுபோலக் கிடேரி பள்ளத்தை நோக்கிக் கயிற்றை இழுத்தது. அவளும் விட்டுக்கொடுத்தபடி இரண்டடி நடந்தாள்.

அங்கே பாம்பு இருக்கிறது என்று சொல்லலாம். சேறு, கால் மாட்டிக்கொள்ளும் என்று சொல்லலாம். இரண்டுமே அவன் நாக்கு நுனியில் வந்து நின்றன. கிடேரி பிழைத்துக்கொள்ளும், அவனும் பிழைத்துக்கொள்வான். நாளைக்கு வேறு யார் வீட்டு ஆடோ மாடோ அதே பள்ளத்தில் வாய் வைக்கும்.

அவன் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தத் தண்ணில உடாதக்கா."

"ஏன்?"

"மருந்துப் புல்லு. எல்லாத்தையும் காவாயில தள்ளிட்டேன். உன் கண்ணுல படக்கூடாதுன்னுதான்."

சாமுண்டீஸ்வரி குழாயைப் பார்த்தாள். மிதக்கிற புல்லைப் பார்த்தாள். அவள் கத்துவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். அப்படிச் செய்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"புல்லத்தான் சொன்ன உதயா," என்றாள் மெல்ல. "தண்ணிய சொல்லலியே."

கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தாகத்தில் முரண்டு பிடித்த கிடேரியை இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வேலியில் கிடந்த முள்ளை வெட்டி, பள்ளத்தைச் சுற்றிப் போட்டான் உதயகுமார். போட்டு முடிக்கையில் முதல் தூறல் முதுகில் விழுந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. புல்வெளியில் தூவிய மருந்து பாதி இன்னும் அப்படியே கிடக்கிறது. இந்த மழையில் அதுவும் கால்வாய் வழியே இங்கேதான் வந்து சேரும்.

ஓட்டமாகக் குடியிருப்புக்கு வந்தான். பின் கேட்டுக் கம்பியில் சாமுண்டீஸ்வரியின் கோணி தொங்கிக்கொண்டிருந்தது. வாராவாரம் அவள் புல் அள்ளுகிற கோணி. செம்மண்ணை வாரி அதை நிரப்பி, ஜல்லடையின் மேல் போட்டு மிதித்து அடைத்தான். மழை வலுத்தது. போக வழியில்லாமல் தண்ணீர் புல்வெளியிலேயே ஏறியது. விழாவுக்கு நட்டிருந்த பந்தல் கால்கள் நனைந்தன, அடுக்கியிருந்த நாற்காலிகள் நனைந்தன.

வெற்றிச்செல்வன் குடையோடு ஓடி வந்தான். "யோவ், இன்னாய்யா பண்ற? மொதல்ல அந்த மூட்டைய எடு."

உதயகுமார் கோணியின் மேல் உட்கார்ந்துகொண்டான். எடுக்கவில்லை.