வாத்து வயிற்றில் வந்த நிறம்

என் மனைவியின் தம்பி எனக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். அதை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தேன். நாற்பது வயதுக்கு மேல் எழுதப் பழகியவன்; என் எழுத்து கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கும். அவன் சாப்பிட வரும்போதெல்லாம் என் மனைவி கதவைச் சாத்திவிடுவாள், அது அவன் கண்ணில் படட்டும் என்று.

"அக்கா, நீ சோறு போடறியா, கணக்குப் போடறியா?"

"ரெண்டும்தான். தின்னு."

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், அந்தப் பணத்தில் வாத்துக் குஞ்சு வாங்கினான். வாய்க்கால் ஓரம் ஒரு கொட்டகை போட்டான். அன்றிலிருந்து தெருவே அவனை 'வாத்து' என்றுதான் கூப்பிடுகிறது. முட்டை விற்றுக் கடனை அடைப்பதாகச் சொல்லியிருந்தான். குஞ்சுகள் வளர்ந்து முட்டையும் இடத் தொடங்கியிருந்தன.

நான் பெயிண்டர். நாள் முழுக்க ஏணியில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் தோள் தனியாகக் கழன்று பின்னால் வருகிற மாதிரி இருக்கும். பிரஷ் கழுவக் கை எழாது. என் மனைவி அதைப் பிடுங்கிக்கொள்வாள். "நீங்க உக்காருங்க. நானாச்சு." வாளியில் சோப்புத்தூளை அள்ளிப் போட்டு, நுரைக்க நுரைக்க அலசி, வாசலுக்கு எதிரே தெருவோரம் தண்ணீர் இறங்குகிற, ஓரம் பிய்ந்த கம்பி வலைக்குள் ஊற்றிவிடுவாள். குளியலறைப் பக்கம் மட்டும் பிரஷ் போகக் கூடாது. அங்கே வெள்ளை டைல்ஸ். வேலை செய்த வீடுகளில் மிச்சம் கேட்டு வாங்கி நான் ஒட்டியது. நானே காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கால் கழுவுகிற இடமே உள்ளேதான் இருக்கிறது என்று சொன்னால் காதில் வாங்கமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, இதப் பாருங்க."

பெட்டிக்குள் வெள்ளை வாத்து ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. வயிறு மட்டும் நீலமும் பச்சையுமாக இருந்தது.

"எவனோ கலர்த் தண்ணி விடறான் மாமா. நொரையா வருது. வாத்த எறக்கினா மெதக்க மாட்டேங்குது, துணி மாதிரி ஊறிக் கீழ போகுது. ரெண்டு செத்துப் போச்சு. மிச்சம் பத்தும் இப்படித்தான் நடுங்குது. இதுங்களும் போச்சுன்னா மறுபடியும் மூட்டைதான் எனக்கு."

"எந்தப் பாவிடா அது?" என் மனைவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயில்லாத ஜீவன்மேல கொட்டியிருக்கானே, அவன் கை வெளங்குமா?"

நான் பெட்டிக்குள் குனிந்தேன். அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நடக்கிற வீட்டு அம்மா, "கடல் மாதிரி இருக்கணும், ஆனா கடல் வேணாம்" என்று சொல்லி என் உயிரை வாங்கிக் கலக்க வைத்த நிறம். எந்தக் கடையிலும் கிடைக்காது. அது என் நகத்துக்கடியிலும் இருந்தது. கட்டைவிரலை வாத்தின் வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

என் மனைவி விரலைப் பார்த்தாள். வாத்தைப் பார்த்தாள். வாசலில் கவிழ்த்து வைத்த வாளியைப் பார்த்தாள்.

"அது சாக்கடைக்குத்தானே போகுது? அங்க எங்கயோ சுத்தம் பண்ணித்தானே விடறாங்க?"

"சாக்கடை வேறக்கா. இது மழத்தண்ணி போற வழி. யாரும் சுத்தம் பண்ணமாட்டாங்க, நேரா வாய்க்கால்தான். போன மழைல உன் செருப்பு அடிச்சுக்கிட்டுப் போச்சே, அது எங்க கெடச்சுது?"

அவன் கொட்டகை வாசலில்தான் கிடைத்தது. அதை அவன் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தான். அன்றைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். செருப்பு போன வழியில் சோப்புத் தண்ணீரும் போகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவன் திட்டியிருந்தால் தேவலை. "தெரியாமத்தானேக்கா ஊத்தின" என்றான்.

"பேசாத. மத்ததெல்லாம் எங்க? போய்த் தூக்கிட்டு வா."

மதியத்துக்குள் பத்து வாத்தும் வெள்ளை டைல்ஸ்மேல் நின்றன. வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பே கிடையாது. ஒவ்வொன்றாக மடியில் வைத்து, நீலம் இறங்க இறங்க அலசினாள். "கண்ண மூடிக்கோ தங்கம், இதோ முடிஞ்சுது" என்று கொஞ்சினாள். துடைத்தது என் நல்ல துண்டால்.

வாத்தின் இறகில் எண்ணெய்ப் பசை இருக்குமாம்; அதனால்தான் நனையாமல் மிதக்கிறதாம். சோப்பு அதை வழித்துவிட்டது. அதுகளே அலகால் கோதிக் கோதி மறுபடி பூசிக்கொள்ளும்வரை வாய்க்காலில் விடக் கூடாது என்றான் மச்சினன். ஆக, எங்கள் குளியலறை வாத்துக் கொட்டகை ஆனது. நான் குளிக்கப் போனால் பத்துத் தலையும் ஒன்றாகத் திரும்பும்.

"என்ன வெக்கம்? அதுங்களும் துணியில்லாமத்தான் நிக்குது" என்றாள் வெளியிலிருந்து.

இப்போது பிரஷில் இருக்கும் பெயிண்டை டப்பா விளிம்பில் வழித்து, பழைய பேப்பரில் துடைத்துவிடுகிறேன். பேப்பர் காய்ந்ததும் குப்பைக்குப் போகும். மிச்சத்தை அலசுவது குளியலறையில். அந்தத் தண்ணீர் சாக்கடைக் குழாயில் இறங்கிச் சுத்தம் செய்கிற இடத்துக்குப் போகும். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கழுவி நுரையைக் கம்பி வலைப் பக்கம் தள்ளினால் என் மனைவி வாசலிலிருந்தே குரல் கொடுப்பாள்: "அண்ணே, அதுல விடாதீங்க. அந்தப் பக்கம் என் தம்பி குடியிருக்கான்."

வாத்துகளைத் திரும்ப விடுகிற அன்று அவளும் வாய்க்காலுக்கு வந்தாள். முதல் வாத்து கரையில் தயங்கி நின்றது. பிறகு இறங்கியது. முங்கவில்லை. தலையைச் சிலுப்பிக்கொண்டு, காகிதக் கப்பல் மாதிரி போனது. என் மனைவி என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்காதது பெரிய விஷயம்.

மறுபடி முட்டை விற்ற முதல் காசோடு மச்சினன் வந்தான். நீட்டிய பணத்தை என் மனைவி அவன் சட்டைப் பைக்குள்ளேயே திணித்தாள்.

"செத்துப் போன ரெண்டுக்கும் நீ யார்கிட்டக் காசு கேட்ட?"

"அதுக்காகக் கடன் முழுசையுமா விடுவ? அது மாமா காசு, அக்கா."

என்னைப் பார்த்தாள். நான் சரி என்று தலையாட்டினேன்.

"என்னங்க, அந்தக் கடல் பெயிண்ட் மிச்சம் இருக்கா?"

இருந்தது. கதவைச் சாத்தி, சுவரில் இருந்த தொகைமேல் பிரஷை இழுத்தேன். ஈரம் காய்ந்ததும் ஆறாயிரம் மட்டும் மறுபடி மங்கலாகத் தெரிந்தது.

"இவ்ளோ பெரிசா யார் எழுதச் சொன்னா?" என்றாள். இரண்டாவது கோட் அடித்தேன். மறைந்தது.

வழக்கம்போல் பிரஷைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

"அக்கா," மச்சினன் சாப்பிட்டுக்கொண்டே கத்தினான், "காலக் கழுவிட்டு உள்ள போ!"