கோட்டுக் கையும் கடல் தூண்டிலும்

டெய்லருக்குக் கோபம் வந்தால் முதல் வேலையாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். எதிரில் நிற்பவர் முகம் மங்கலாகத் தெரிந்தால் வாய்த்துடுக்கு கொஞ்சம் அடங்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு. அந்தத் தூண்டில் கடைக்குள் நுழைந்ததிலிருந்து கண்ணாடி பைக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தது. பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு நின்ற மகள் ஒவ்வொரு தடவையும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

அவர் கேட்டது ஒன்றும் கிடைக்காத பொருளில்லை. கடலில் மீன் பிடிக்க ஒரு ராடு, ஒரு ரீல், கொஞ்சம் தூண்டில் நரம்பு. ஊரில் ஞாயிறு தவறாமல் ஏரிக்கரையில் உட்காருகிற மனிதர். தூண்டிலைப் பற்றித் தனக்குப் பாடம் எடுக்க இனிமேல்தான் ஒருவர் பிறந்து வர வேண்டும் என்பது அவர் எண்ணம். கடைக்கார அம்மாவோ சாமானை எடுத்துக் காட்டாமல் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தாள். பாறையில் நின்று போடுவீர்களா, படகிலா? அடியில் மணலா, கல்லா? எந்த மீனுக்கு?

"மீன்தான் வேணும்," என்றார் டெய்லர்.

தான் கொண்டுவந்திருந்த ஏரி ராடைத் துணி உறையிலிருந்து உருவி மேஜைமேல் வைத்தார். உறையும் அவரே தைத்ததுதான், ஓரத்துக்குக் குஞ்சம்கூட உண்டு. இதற்கு என்ன குறைச்சல் என்று கேட்டார். அந்த அம்மா ராடின் நுனியை விரலால் மெல்ல வளைத்துப் பார்த்தாள். அழகான ராடு, ஆனால் கடல் அலைக்கும் காற்றுக்கும் தாங்காது, இன்னும் மூன்று அடியாவது நீளம் வேண்டும் என்றாள். ரீலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உப்பு உள்ளே போகாதபடி மூடிய ரீல்தான் கடலுக்கு ஆகும், இதைக் கொண்டுபோனால் நாலே நாளில் இறுகிவிடும் என்றாள். நரம்பும் மாற்ற வேண்டுமாம். அந்த நரம்பின் முனையில் வேறொரு தடித்த நரம்பை ஒரு ஆள் நீளத்துக்குக் கட்ட வேண்டுமாம், கல்லில் உரசினாலும் அறுந்து போகாமல் இருக்க.

நரம்புக்கு ஒரு நரம்பா என்று டெய்லர் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

அடுத்து ஈயக்குண்டு. ஏரியில் அவர் போடுவது பட்டாணி அளவு. இங்கே அந்த அம்மா கோழிமுட்டை கனத்தில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். இதை மீன் தலையில் போட்டாலே செத்துவிடுமே, அப்புறம் தூண்டில் முள் எதற்கு என்று கேட்டார். தக்கை எங்கே என்று கேட்டார். அலையில் தக்கை வேண்டாம் சார், ராடின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று பதில் வந்தது. தக்கை இல்லாத தூண்டில். தண்ணீரில் சிவப்புத் தக்கை நிற்பதைப் பார்ப்பதற்காகவே வாரம் முழுக்க மற்றவர்களின் பேண்டுக்கு ஜிப் மாற்றுகிற ஆளிடம் இதைச் சொன்னால் அவர் என்னதான் செய்வார்? கண்ணாடி பைக்குப் போயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொன்னாள் பாருங்கள், அதுதான் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டது. வீட்டுக்குப் போனவுடன் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நிழலில் காய வைக்க வேண்டுமாம்.

"கடலுக்குன்னு சொல்லி விக்கிறீங்க," என்றார் டெய்லர். "கடல் தண்ணி பட்டா ஆகாதுங்கிறீங்க. அப்ப இதை எங்கதான் கொண்டுபோய் போடறது?"

மகளுக்குக் கால் கடுத்தது. பொறுமை அதற்கும் முன்பே போய்விட்டிருந்தது. "அப்பா, நான் வெளியில பெஞ்சுல உட்கார்றேன். அவங்க சொல்றதை வாங்கிட்டு வாங்க. நாளைக்கு நீங்க போறது மீனுக்காக இல்ல, அது ஞாபகம் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாபகம் இல்லாமலா? இந்த வம்பெல்லாம் சம்பந்தியால் வந்தது. மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கோட்டை டெய்லரே தைத்தார். வேறு யார் கையிலும் விட மனம் வரவில்லை. கல்யாணத்தன்று மண்டபம் நிறைய ஆட்கள் இருக்க, சம்பந்தி தன் பையனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "கை ஒரு இன்ச் குறையுதே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போட்டோக்காரன்கூடச் சிரித்தான். தொழில்காரனை அவன் தொழிலிலேயே, அவன் வீட்டு விசேஷத்திலேயே அடிப்பது என்றால் இதுதான். அளவு அச்சு பிசகாதது, பையன் தோளைத் தூக்கிக்கொண்டு நின்றான், அதற்கு நானா பொறுப்பு என்று டெய்லர் அன்றிலிருந்து இன்றுவரை வீட்டில் வாதாடிக்கொண்டிருக்கிறார். எதிர்த்து வாதாட ஆளில்லை என்றாலும் விடுவதில்லை.

அதற்குப் பிறகு இரண்டு சம்பந்திகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. போனில் ஒருவர் குரல் கேட்டால் மற்றவர் போனை மனைவியிடம் நீட்டிவிடுவார். மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். போன மாதம் அப்பாவைக் கூப்பிட்டு, பிறக்கப்போகிற பிள்ளையை ரெண்டு தாத்தாவும் ஆள் ஆளுக்கு ஒரு நாள் பார்த்து வந்து போகிற கேவலம் தனக்கு வேண்டாம், பேசிக்கொள்ளாவிட்டால் ரெண்டு பேருமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அப்பா புத்தி அப்படியே வந்திருக்கிறது. இந்தச் சமயத்தில்தான் மாமனார் அவளிடம், "உங்க அப்பா தூண்டில் போடுவாராமே, இங்க வரச் சொல்லு, கடல்ல போடலாம்" என்று சொல்லியனுப்பினார். மகள் அதைச் சமாதானமாக எடுத்துக்கொண்டாள். டெய்லர் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். ஏரியில் போடுகிறவன்தானே, கடலுக்கு வா பார்க்கலாம் என்கிறான் மனுஷன். கடலோரத்திலேயே பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தூண்டிலும் கையுமாகத்தான் திரிவார் என்று டெய்லர் நினைத்துக்கொண்டார்.

மகள் போனதும் டெய்லர் குரலைத் தணித்து, நாளைக்குப் போகப்போவது பழைய துறைமுகத்துப் பாலம் என்று சொன்னார். கடைக்கார அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்குமாம்.

"நேத்தும் இதே பாலத்துக்குத்தான் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார் சார்," என்றாள், ரீலில் நரம்பு சுற்றிக்கொண்டே. "கிரேன் ஓட்டினவராம். வாழ்க்கையில தூண்டிலையே தொட்டதில்ல. சம்பந்தி பெரிய மீன்காரராம், அவர் முன்னாடி மானம் போயிடக் கூடாதாம். என் உசிரை வாங்கிட்டார். முடிச்சு சொல்லிக் கொடுத்தேன், வரவே இல்ல. வீட்ல போட்டுப் பழகறேன்னு தனியா ஒரு சுருள் நரம்பு வேற வாங்கிட்டுப் போனார்."

டெய்லர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த அம்மாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. நல்ல முகம்தான்.

அவள் காட்டியதையெல்லாம் மறு பேச்சில்லாமல் வாங்கினார். நீள ராடு, மூடிய ரீல், நரம்புக்கு நரம்பு, கோழிமுட்டை குண்டு, எல்லாம். திரும்பும் வழியெல்லாம் காரில் சீட்டி அடித்துக்கொண்டு வந்தார். என்னப்பா ஆச்சு என்று மகள் சந்தேகமாகக் கேட்டாள். கடல் நல்ல கடல் என்றார். மனசுக்குள் அவர் வார்த்தை தைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் பாலத்தில் ஆட்கள் இருப்பார்கள். சம்பந்தி ஏதாவது தப்பு செய்வார். அப்போது, ரொம்ப மெதுவாக, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல ஒரு வரி வேண்டும். பல வரிகளை வெட்டி ஒட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்றை முடிவு செய்தார்: "என்ன சம்பந்தி, ஒரு இன்ச் தப்பாயிடுச்சே."

மறுநாள் காலையில் பாலத்தில் கைப்பிடி நெடுக ஆட்கள் சாய்ந்து நின்றார்கள். சம்பந்தி முன்பே வந்து நின்றிருந்தார். தலையில் புதுத் தொப்பி. கையில் டெய்லர் வைத்திருந்த அதே ராடு, அதே ரீல். ரீலில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் இரண்டு பேருக்கும் நடுவில் டீ பிளாஸ்கோடு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். வாங்க என்றார் சம்பந்தி. வந்தேன் என்றார் டெய்லர். அத்தோடு பேச்சு தீர்ந்தது.

டெய்லரின் கண் நேராக சம்பந்தியின் ரீலுக்குப் போயிற்று. போன இடத்திலேயே நின்றுவிட்டது. ரீலின் மேல் ஒரு வளையக் கம்பி இருக்கும். அதைத் தூக்கிவிட்டுத்தான் நரம்பை மேலே கோக்க வேண்டும். சம்பந்தி தூக்காமல், வெளிப்பக்கமாகவே கோத்திருந்தார். இப்படி வீசினால் நரம்பு ஓடாது. குண்டு பாதியில் இழுபட்டு அறுந்து, யார் மண்டையிலாவது போய் விழும். ஊசியில் நூல் கோக்காமல் மெஷினை மிதிக்கிற கதை. இதைவிட நல்ல தப்பு டெய்லரே தைத்துக் கொடுத்திருந்தால்கூடக் கிடைத்திருக்காது.

சம்பந்தி வீசுவதற்கு ராடைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனார். டெய்லருக்கு அந்த வரி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த விரல்களைப் பார்த்தார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பிளாஸ்திரி. கட்டை விரல் ஓரத்தில் நரம்பு இழுத்து இழுத்து அறுத்த கோடுகள், மெல்லிசாக, சிவப்பாக. டெய்லருக்கு அந்தக் கை தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் தன் கை இப்படித்தான் இருந்தது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்தி, சாப்பிடும்போது எரியும். இந்த வயதில், கிரேனை ஆட்டி வைத்த மனுஷன், வீட்டில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பழகியிருக்கிறார். எனக்கு முன்னால் மானம் போய்விடக் கூடாதென்று. இவ்வளவு நாள் இந்த ஆள்மேல் கோபமாக இருந்ததைவிட, இப்போது கோபமாக இருக்க முடியவில்லையே என்பதுதான் அவருக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

"சம்பந்தி, ஒரு நிமிஷம் இருங்க," என்றார், பக்கத்தில் நின்றவர்கள் காதிலும் விழும்படி. "நான்தான் தப்பா கோத்துட்டேன்போல. ஏரிப் பழக்கம். இந்தக் கம்பியைத் தூக்கிட்டுத்தானே கோக்கணும்?"

சொல்லிவிட்டு, ஒழுங்காகக் கோத்திருந்த தன் நரம்பையெல்லாம் ராடின் வளையங்களிலிருந்து ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார். சம்பந்தி ராடைக் கீழே இறக்கினார். டெய்லரின் ரீலைப் பார்த்தார். தன் ரீலைப் பார்த்தார். பிறகு டெய்லர் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா, ஆமா. தூக்கிட்டுத்தான்," என்றார். "பாருங்க, அவசரத்துல நானும் அப்படியே போட்டிருக்கேன்."

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, முதலிலிருந்து கோத்தார்கள். டெய்லர் ஒவ்வொரு வளையத்தையும் வேண்டுமென்றே நிதானமாகச் செய்தார். சம்பந்தி ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து அதையே செய்தார். முடிச்சுக்கு வந்தபோது, கண் சரியாகத் தெரியவில்லை என்று டெய்லர் தன் முடிச்சை ஒரு தடவை அவிழ்த்து மறுபடி போட்டார். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்கு வெயில் ஏறிவிட்டதோ என்று பயந்து டீயை நீட்டினாள்.

மதியம்வரை ஒரு மீனும் கிடைக்கவில்லை. சம்பந்தி ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்தார். டெய்லருக்குக் கல்லில் மாட்டி ஒரு முள் போயிற்று. தக்கை இல்லாமல் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது என்று டெய்லர் அலுத்துக்கொள்ள, எனக்கும் அதுதான் புரியவில்லை என்று சம்பந்தி சொல்ல, கடலையும் கடைக்கார அம்மாவையும் சேர்த்து வைத்து இரண்டு பேரும் மனசாரத் திட்டினார்கள்.

மகள் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் வாளியை வைத்து ராடையும் ரீலையும் கழுவினார்கள். நல்ல தண்ணீர் உப்பை இழுத்துக்கொண்டு வாளியில் ஒழுகியது. சம்பந்தி ரீலைத் துடைத்தபடியே, தலை நிமிராமல் பேசினார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது சம்பந்தி. முந்தாநேத்துதான் வாங்கினேன். வேற எதைச் சொல்லி உங்களைக் கூப்பிடறதுன்னு தெரியல."

"தெரியும்," என்றார் டெய்லர்.

சம்பந்தி துடைப்பதை நிறுத்தினார். "கடையில சொல்லிட்டாளா?"

"கை சொல்லிடுச்சு."

குழாயை யாரும் மூடவில்லை. தண்ணீர் வாளியை மீறி வழிந்தது. சம்பந்தி தன் பிளாஸ்திரிகளைப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கு நான் அப்படி எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது," என்றார். "கோட்டு சரியாத்தான் இருந்தது. பையன்தான் தோளைத் தூக்கிட்டு நின்னான்."

யாராவது சொல்ல மாட்டார்களா என்று டெய்லர் எத்தனையோ நாள் ஆசைப்பட்ட வாக்கியம் அது, வார்த்தைக்கு வார்த்தை. காதில் விழுந்துவிட்டது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். சமையலறை ஜன்னல் வழியே அதைப் பார்த்த மகள், போச்சு, எல்லாம் போச்சு என்று பின்கதவை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"இல்ல சம்பந்தி, குறைச்சல்தான்," என்றார் டெய்லர். "ஆனா ஒரு இன்ச் எல்லாம் இல்ல. முக்கால்."

சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். "முக்காலா? எனக்கென்னமோ ஒண்ணுன்னுதான் பட்டது."

"தைச்சவன் நான் சொல்றேன். முக்கால்."

"கோட்டு உள்ளதான் தொங்குது. அளந்து பார்த்திருவோமா?"

மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு உள்ளே போய், கோட்டையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.