வாய் மூடாத சிப்

தெருவில் இருக்கும் முப்பத்திரண்டு வீடுகளில் முப்பத்தொன்றில் காலையிலிருந்து நெட் இல்லை. இவள் வீட்டில் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. "கைராசிக்காரிம்மா நீ" என்று எதிர்வீட்டுத் தையல்காரி சொன்னபோது, லீவு நாளின் சோம்பலோடு இவளும் அதைக் கொஞ்சம் ரசித்தாள். ரசிக்காமல் எப்படி இருப்பாள்? ஒளி இழை வந்து சேரும் பெட்டிக்குள் இருப்பது இவள் கம்பெனியில் செய்த சிப். அரிசி அளவுகூட இல்லாத அதற்குள் லேசரும், அந்த வெளிச்சத்தைத் திறந்து மூடும் கதவும் அடக்கம். சூடு தாங்குகிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் இவள்தான். கடைக்கு வரும் முன்பே அந்தப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து வீட்டில் மாட்டிக்கொண்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

தையல்காரி ஹால் சோபாவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சீருடை ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்காரரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கடை தெருமுனையில். அங்கும் நெட் இல்லாததால்தான் நேராக இங்கே வந்திருந்தாள். அவளுடைய அண்ணன் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. கட்டிலோரம் ஒரு மணி பொருத்தியிருந்தார்கள். அவர் அழுத்தினால் தங்கையின் போன் அடிக்கும். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று இவள் விசாரித்தாள்.

"இன்னிக்கு ஒரு தடவகூட அடிக்கல. நல்லாத் தூங்குறாரு போல. எனக்கும் நிம்மதியா வேல ஓடுது."

அப்போதுதான் நெட் லைன்மேன் போனில் கூப்பிட்டான். இவள் இந்தத் தொழிலில் இருப்பவள் என்பதால் சந்தேகம் வந்தால் கேட்பான். முப்பத்திரண்டு வீட்டுப் பேச்சும் ஒரே இழையில் போகிறது. ஆளுக்கு ஒரு கண்ணிமைப்பு நேரம். ஒரு வீடு பேசும்போது மற்ற வீடுகள் வாயை மூட வேண்டும். எதுவோ ஒன்று மூடவில்லை என்றான். கம்பத்தில் ஏறி ஒவ்வொரு வீட்டு இழையாகக் கழற்றிப் பார்த்துவிட்டானாம், ஒன்றும் பலிக்கவில்லையாம்.

"உங்களுது மட்டும்தான் பாக்கி மேடம். நல்லா ஓடுதேன்னு தொடல."

இவள் சிரிக்கப் போனாள். சிரிப்பு வரவில்லை. சுவரில் பெட்டி இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பச்சை வெளிச்சத்தில் குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது என்று கணவன் நேற்று அதைச் செருப்பு அலமாரிக்குள் வைத்து, மேலே ஒரு துண்டையும் போட்டிருந்தான். அலமாரியைத் திறந்து தொட்டவள் கையை உதறினாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல் கொதித்தது.

கொதித்தால் என்ன, எழுபது டிகிரி தாங்கும் என்று எழுதியது இவள்தானே. எழுதிய நாள் நினைவுக்கு வந்தது. சூட்டுத் தட்டின் மேல் சிப், தலைக்கு மேல் ஏசி. வெப்பமானியின் கம்பி அந்தப் பொடிச் சிப்பில் ஒட்டாமல் நழுவி நழுவி விழுந்தது. பொறுமை போய், தட்டின் ஓரத்திலேயே டேப் போட்டு ஒட்டினாள். தட்டு சுட்டால் மேலே இருப்பதும் சுடும்தானே? எழுபது என்றது தட்டு. ஏசிக் காற்றில் சிப்பின் சூடு எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. உண்மையான சூட்டில் கதவு முழுதாக மூடவில்லை. கம்பம் இவள் வீட்டு வாசலிலேயே இருப்பதால் இவள் பேச்சு தப்பித்தது. மற்ற வீடுகளின் மெலிந்த வெளிச்சமெல்லாம் இவள் வீட்டுக் கசிவில் மூழ்கிப்போனது.

முதலில் வேலை போய்விடுமே என்றுதான் பயந்தாள். அதை நினைத்து அப்புறம் இவளுக்கே கூசியது. ஹாலில் தையல்காரி யாரிடமோ சட்டை அளவு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்ணனோட மணி எதுல ஓடுது?"

"மணி மாட்ட வந்த பையன் நெட்டுப் பெட்டியிலதான் சொருகிட்டுப் போனான். ஏம்மா?"

இவள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

லேப்டாப்பில் கம்பெனிக்காரர் முகம் பாதி வாயோடு நின்றுவிட்டது. "என்னம்மா, உங்களுக்கும் போச்சா" என்றாள் தையல்காரி. ஒரு நிமிடம் இருக்கும். சோபாவில் கிடந்த அவள் போன், சிம் கார்டு நெட்டில், அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. எதிர்வீட்டுப் பெட்டி சேர்த்துவைத்திருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. ஏழு ஐம்பது. ஏழு ஐம்பத்திரண்டு. எட்டு. எட்டு மூன்று. அப்புறம் நிமிடத்துக்கு ஒன்று. தையல்காரி போனைக் கையில் எடுத்துப் படித்தாள். படிக்கப் படிக்க உதடு மட்டும் அசைந்தது. கடைசி மணி ஒன்பது ஐந்துக்கு. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டாகப் போகிறது.

போன் தரையில் விழுந்த சத்தம்தான் கேட்டது, அவள் எழுந்து ஓடியது தெரியவில்லை. இவளும் பின்னால் ஓடியிருக்க வேண்டும். அலமாரி முன்பே நின்றாள். தெரு முழுக்க வீட்டுக்கு வீடு நெட் வந்த குஷியில் பாட்டும் பேச்சும் ஆரம்பித்தன. கையில் பிளக் இருந்தது. வாசலில் தையல்காரியின் செருப்பு இரண்டும், உள்ளே வரும்போது அவள் ஒழுங்காகக் கழற்றி வைத்தபடியே இருந்தன.