வேகப்புலி பிடுங்கிய பூட்டு

அலுவலகத்தில் அவனுக்கு வேகப்புலி என்று பெயர். தானே வைத்துக்கொண்டது. மற்றவர்கள் வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்கள்.

அவர்கள் செய்தது குழந்தைக் காப்பகங்களுக்கான செயலி. மாலையில் பிள்ளையை அழைத்துப்போக அம்மா, அப்பா இருவர் பெயரும் அதில் இருக்கும். வர முடியாதவர் தன் பெயரை எடுத்துவிடலாம். ஆனால் ஒருவராவது மிஞ்ச வேண்டும். தகவல் பல ஊர் சர்வர்களில் பரவிக் கிடந்ததால், ஒருவர் பெயரை எடுத்து முடிக்கும்வரை இன்னொருவரை நிறுத்திவைக்க ஒரு பூட்டு இருந்தது. அந்தப் பூட்டைத்தான் புலி பிடுங்கிப் போட்டது.

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பார்த்தா, அடுத்தவர் இருக்காருன்னு நம்பி ரெண்டு பேருமே பேரை எடுத்துடுவாங்களே சார்?” என்றாள் சோதனைப் பிரிவுப் பெண்.

“பத்து லட்சத்துல ஒருத்தருக்கு நடக்கும்மா. அதுக்காக எல்லாரும் காத்துக் கிடக்கணுமா?”

மிச்சமானது கண்சிமிட்டும் நேரம். அதற்கே கைதட்டல். வீட்டிலும் சாப்பிடும்போதெல்லாம் இதே பெருமைதான். மனைவிக்குக் காது புளித்துவிட்டது. ஐந்து வயது மகள் மட்டும் வாயைப் பிளந்து கேட்டாள்.

ஒருநாள் மாலை மீட்டிங் ஜவ்வாக இழுத்தது. மேசைக்கடியில் செயலியைத் திறந்தான். மனைவி பெயர் இருந்தது. நிம்மதியாகத் தன் பெயரை எடுத்தான். பச்சை டிக் விழுந்தது. அதே நொடி மனைவி தன் அலுவலகத்தில் அவன் பெயரைப் பார்த்துவிட்டுத் தன் பெயரை எடுத்தாள். அவளுக்கும் பச்சை. ஆளுக்கொரு பெயரைத் தொட்டதால் செயலிக்கு எங்கும் இடிக்கவில்லை.

காப்பகத்திலிருந்து போன் வந்ததும் அடித்துப் பிடித்து ஓடினான். வாசலில் மனைவியும் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“நீங்க வர்றதாத்தானே இருந்துச்சு?”

“நீ வர்றதா இருந்துச்சே!”

“யாருமே வரலைன்னு இருந்துச்சு,” என்றார் கதவைப் பூட்டக் காத்திருந்த ஆயாம்மா. “அதுக்கும் பச்சை டிக்தான்.”

காலி நாற்காலிகளுக்கு நடுவே மகள் பையை மாட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

“பத்து லட்சத்துல ஒருத்தர்னு சொன்னியேப்பா, அது நான்தானா?”

அங்கேயே நின்று சோதனைப் பிரிவுப் பெண்ணுக்குப் போன் போட்டான்.

“அந்தப் பூட்டைத் திரும்பப் போட்டுடும்மா.”

“வேகம் போயிடுமே சார். எல்லாரும் காத்துக் கிடக்கணுமா?”

“கிடக்கட்டும்.”

மகளிடம் கையை நீட்டினான். அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.