மடங்கிய கை

“அவருக்கு என்மேல பாசம் இருந்திருந்தா கூண்டுல ஏறிச் சாட்சி சொல்லியிருப்பாரா?”

மூன்று வருடங்களுக்கு முன், சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணன் அப்பாவைப் பற்றி அவளிடம் கேட்டான்.

இப்போது அப்பாவின் வலது கையை நீட்டிவிடப் பார்க்கும்போது அதுதான் நினைவுக்கு வந்தது. கை மடங்கியபடியே விறைத்திருந்தது. முழங்கை சவப்பெட்டியின் விளிம்பில் இடித்தது.

“உசுரோட இருந்தப்ப யாருக்கும் வளையாதவன். இப்ப நிமிர மாட்டேங்கறான் பாரு” என்று மூக்கைச் சிந்தினாள் அத்தை. “பெரிய நீதிமான்! பெத்த புள்ளையவே உள்ள தள்ளினவன்.”

அப்பா மெத்தை தைப்பவர். அன்று மெத்தை வண்டியை ஓட்டியவன் அண்ணன்; பக்கத்தில் அப்பா. சாலையைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணை வண்டி அடித்துப்போட்டது. அண்ணன் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் காவல் நிலையத்துக்குப் போனார்.

“அவளுக்கும் ஒரு அப்பன் இருக்கான்ல” என்றார். அவ்வளவுதான்.

சிறையில் அண்ணன் அவர் முகத்தைப் பார்க்க மறுத்தான். ஒருமுறை அவளிடம், “இங்க தலகாணிகூடக் கிடையாது. கையை மடிச்சு வெச்சு வெறுந்தரையில தூங்கறேன். மெத்தைக்காரர்கிட்ட சொல்லு” என்றான்.

சொன்னாள். அன்றிலிருந்து அப்பாவும் தரைக்கு வந்துவிட்டார்.

“ஏம்ப்பா, தண்டனை வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“வேணும்தான். ஆண்டவரும் தண்டனை வேண்டாம்னு சொல்லலையேம்மா. தானும் மனுசனா வந்து, சிலுவை வரைக்கும் நம்மகூடக் கிடந்தாருல்ல.” பிறகு, தலையைத் திருப்பிக்கொண்டு, “அவன்கிட்ட சொல்லிடாத” என்றார்.

இன்று காலை அப்படியே, தலைக்கடியில் கையோடு, கிடந்தார்.

ஒரு மணி நேர அனுமதியில் அண்ணன் வந்தான், கைவிலங்கின் மறுமுனையில் ஒரு காவலரோடு. வாசலோரமே நின்றான். போதகர் வேதாகமத்தை மூடிவிட்டு, “மூடியை வைக்கலாமா?” என்றார்.

“கை ஏன் அப்படி இருக்கு?” என்றான் அண்ணன்.

சொல்ல வேண்டாம் என்று அப்பா கேட்டிருந்தும் அவள் சொன்னாள்.

“நீ சொல்லிவிட்ட நாள்லேருந்து அவரும் தரையிலதாண்ணா... கையை மடிச்சு வெச்சுத்தான்...”

அத்தை எழுந்து அண்ணனுக்கு வழிவிட்டாள்.

அண்ணன் சுவரோர அடுக்கிலிருந்து ஒரு புதுத் தலையணையை உருவினான். பெட்டியருகே மண்டியிட்டான், காவலரும் கூடவே குனிய வேண்டியிருந்தது. அப்பாவின் தலையை மெல்லத் தூக்கி, அடியில் தலையணையைச் செருகினான். மடங்கிய முழங்கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு எழுந்து வெளியேறினான். சட்டைக் கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிடவில்லை.